குறைந்த செலவில் டபுள் கப்பின் வில்லும் ஷொக்கும்: வன்னிக் கிரவலுக்கு ஏற்றபடி

ஏ9 வீதியில் ஓடும்போது எந்த டபுள் கப்பும் நல்ல டபுள் கப்தான். காப்பெட் வீதியை விட்டு இறங்கி, துணுக்காய்ப் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ கிரவலில் பத்து நிமிடம் ஓடினால்தான் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியவரும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை எல்லோருக்கும் எட்டவில்லை. அதனால் இருபது, முப்பது வருடம் ஓடிய வாகனங்கள்தான் இன்றும் வயலுக்கும் சந்தைக்கும் போய்வருகின்றன. அவற்றில் பலவற்றின் வில்லு, வாகனம் இறங்கிய நாளில் இருந்த அதே வில்லு.

பின்பக்கம் தட்டு வில்லும் (பட்டைப் பிளேட்டுகளை அடுக்கிக் கட்டிய வில்லு), முன்பக்கம் தட்டு வில்லோ டோர்ஷன் பாரோ (முறுகுவதால் வில்லு வேலை செய்யும் நீளக் கம்பி) உள்ள பழைய டபுள் கப், சிங்கிள் கப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பழைய ஹைலக்ஸ், 2005க்கு முந்திய எல்200, நிசான் டி22, முதல் தலைமுறை டி-மக்ஸ் எல்லாம் இந்தக் கூட்டம். முன்னுக்குச் சுருள் வில்லு உள்ள புதிய வாகனங்களுக்குப் பின்பக்க வேலை மட்டும் பொருந்தும். சுருள் வில்லை அமுக்கி எடுக்கத் தனிக் கருவி வேண்டும். அதைக் கயிற்றாலும் கம்பியாலும் கட்டிக் கழற்றப் போய் உயிரை விடவேண்டாம்.

வேலை தொடங்குமுன் மனதில் பதியவேண்டியது ஒன்று: வாகனத்தை உயர்த்துவது வேறு, சஸ்பென்ஷனைச் சரிசெய்வது வேறு. கராஜுக்குப் போனவுடன் "ரெண்டு இஞ்சி தூக்கி விடுங்கோ" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலான வாகனங்களுக்கு உயரம் போதாமல் இல்லை, இருந்த உயரம் இறங்கிப்போயிருக்கிறது. போனதைத் திரும்ப எடுத்தாலே குளக்கட்டு வழியும் தாம்போதியும் தாண்டலாம்.

கையிலுள்ள பணத்தை நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு ஷொக்குக்கு, அதாவது குலுக்கலை அடக்கும் ஷொக் அப்சோபருக்கு. ஒரு பங்கு புஷ் (வில்லின் முனைத் துளைக்குள் இருக்கும் இறப்பர்), பம்ப் ஸ்டொப் (அக்சில் செசியில் மோதாமல் தடுக்கும் இறப்பர்க் கட்டை), யூ போல்ட் (வில்லை அக்சிலோடு இறுக்கும் போல்ட்) போன்ற சில்லறைக்கு. மிச்ச ஒரு பங்கு வில்லின் பிளேட்டுக்கும், சில்லுகளை நேர்சீராக்கும் அலைன்மென்டுக்கும். சில்லறைப் பங்கை வெட்டிப் பெரிய சாமானில் போடுபவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பக் கராஜ் வாசலில் நிற்கிறார்கள்.

அளவு எடுத்தல்

சீமெந்துத் தரையில், வெறும் வாகனமாக, டாங்கியில் அரைவாசி டீசலுடன் நிறுத்துங்கள். நான்கு ரயரிலும் கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டில் எழுதிய அளவு காற்று இருக்கவேண்டும். ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து நேர்மேலே மட்காட் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு பக்க வில்லு இறங்கிவிட்டது. சாரதி இருக்கும் வலப்பக்கம் இறங்கியிருப்பதுதான் வழமை.

அடுத்ததாகப் பின் அக்சிலுக்கும் அதற்கு மேலே செசியில் உள்ள இறப்பர்க் கட்டைக்கும், அதாவது பம்ப் ஸ்டொப்புக்கும், உள்ள இடைவெளியை அளவுங்கள். பிறகு பத்துச் சீமெந்துப் பை ஏற்றுங்கள், 500 கிலோ. திரும்ப அளவுங்கள். வெறுமையில் 80 மி.மீ. இருந்தது சுமையில் 20க்குக் கீழே போனால் ஒவ்வொரு குழியிலும் இரும்பும் இறப்பரும் மோதிக்கொண்டே போகும். அந்த அடி நேரே செசிக்குத்தான். 1000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அது பல டபுள் கப்களின் அனுமதித்த சுமைக்கு மேல். அதைத் தாங்க வில்லுக் கட்டலாம், ஆனால் செசியும் பிறேக்கும் அச்சும் பழைய அளவுதான்.

வருடத்தில் அதிக நாள் என்ன சுமையோடு ஓடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் வில்லை முடிவு செய்யவேண்டும். பெரும்போக அறுவடையில் மூன்று கிழமை நெல் மூடை ஏற்றுவதற்காகக் கல் மாதிரி வில்லுக் கட்டினால், மற்ற நாற்பத்தொன்பது கிழமையும் வெறும் வாகனம் பின்பக்கம் குதிக்கும். ஈரக் கிரவலில் வெறும் பின்பக்கம் குதித்தால் வளைவில் சில்லு தரையில் நிற்காது.

புஷ், பம்ப் ஸ்டொப்

செலவே இல்லாத திருத்தம் ரயர்க் காற்று. வெறும் வாகனத்தில் வரிவரியாக எழும்பிய கிரவலில் மெதுவாக ஓடும்போது சீட்டில் உள்ளதைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ குறைத்தாலே பாதி அதிர்வு போய்விடும். சுமை ஏற்றமுன்னும் காப்பெட்டில் ஏறமுன்னும் திரும்ப அடிக்கவேண்டும். குறைந்த காற்றோடு ஏ9இல் வேகமாக ஓடினால் ரயர்ச் சுவர் சூடாகி வெடிக்கும்.

புஷ் பார்ப்பதற்கு வில்லின் கண்ணுக்கும் (சுருட்டிய முனைக்கும்) அதைச் செசியில் தாங்கும் ஹேங்கருக்கும் இடையில் ஒரு பாரைக் கொடுத்து நெம்புங்கள். இரும்பு 3 மி.மீ.க்கு மேல் அசைந்தாலோ, இறப்பர் பிதுங்கி வெளியே நின்றாலோ புஷ் முடிந்தது. முன்கண் புஷ் போன வாகனம் பிறேக் அடிக்கும்போது பின்னால் "டக்" என்று ஒரு சத்தம் போடும். ஷொக் போய்விட்டது என்று பலர் நினைப்பது இந்தச் சத்தத்தைத்தான்.

பழைய புஷ்ஷை எடுக்க இறப்பரைத் துறப்பணத்தால் துளைத்து நடுக்குழாயைத் தள்ளிவிடுங்கள். பிறகு வெளிக்கூட்டை அரிவாளின் ஒற்றை அலகால் நீளவாட்டில் அறுத்து உள்ளே மடக்கி எடுக்கலாம். இங்கே அரிவாள் என்பது இரும்பறுக்கும் ஹக்சோ. வில்லின் கண்ணில் அலகு பட்டுக் கீறல் விழுந்தால் பிறகு அதே இடத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். எரித்து எடுப்பது இலகு என்பார்கள். அந்தச் சூட்டில் கண்ணின் பதம் போய்விடும். கடைச்சல் பட்டறையில் நைலோனில் கடைந்து தரும் புஷ் மலிவுதான். ஆனால் இறப்பர் முறுக்கிக்கொடுக்கும், நைலோன் கொடுக்காது. அது ஹேங்கர்த் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். இந்தத் தூசிக்கு இறப்பர்தான் எங்கள் தெரிவு.

பம்ப் ஸ்டொப் வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் சாமான்களில் ஆகமலிவானது அதுதான்.

ஷொக்

சோதனை எளிது. கிரவலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடிவிட்டு இறங்கி, புறங்கையை ஒவ்வொரு ஷொக்கின் உடலுக்கும் கிட்டப் பிடியுங்கள். வேலை செய்யும் ஷொக் சூடாக இருக்கும், ஏனென்றால் குலுக்கலை அது சூடாக மாற்றுகிறது. நான்கில் ஒன்று குளிர்ந்து கிடந்தால் அது வெறும் குழாய். ஒயில் வடிந்து செந்தூசி ஒட்டிக் களிம்பாகப் படிந்திருந்தாலும் அப்படித்தான்.

அளவு தெரியாமல் ஷொக் வாங்கக்கூடாது. ஜக்கால் செசியைத் தூக்கி அக்சிலைத் தொங்கவிட்டு, மேல் போல்ட்டிலிருந்து கீழ்ப் போல்ட்டுவரை அளவுங்கள். அது விரிந்த நீளம். பிறகு பம்ப் ஸ்டொப் தொடும்வரை அக்சிலைத் தூக்கி அளவுங்கள். அது சுருங்கிய நீளம். வாங்கும் ஷொக் முழுதாகச் சுருங்கும்போது இரண்டாவது அளவைவிட 20 மி.மீ. குறைவாகவும், முழுதாக விரியும்போது முதலாவதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கவேண்டும். சுருங்க இடமில்லாத ஷொக் உள்ளே அடிவாங்கி, கண் பிய்ந்து போகும். விரிய இடமில்லாதது அக்சிலின் பாரத்தைத் தன் தண்டில் தூக்கும். அதுவும் நாளாகாது. பிளேட் போட்டு உயர்த்தப்போகிறீர்கள் என்றால் அந்த வேலை முடிந்த பிறகு அளந்து வாங்குங்கள்.

கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் கழற்றிய ஜப்பான் ஷொக்குகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கிடைக்கும். வாங்குபவர் செய்யவேண்டியது: நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை முழுதாக அமுக்கி இழுங்கள். உள்ளிருக்கும் காற்று மேலே போன பிறகு, எந்த இடத்திலும் கை "வெறுமையாக" விழக்கூடாது. வாயு அடைத்த ஷொக் கையை விட்டால் தானாக மெதுவாக விரியவேண்டும். தண்டின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துரு இருந்தாலும் விட்டுவிடுங்கள், அந்தத் துரு சீலை ஒரு மாதத்தில் அரைத்துவிடும். கிரவலுக்கு வாயு அடைத்ததே நல்லது. வரிமேட்டில் தொடர்ந்து அடிவாங்கும்போது சாதாரண ஷொக்கின் ஒயில் நுரைத்துப் பிடிப்பு விட்டுப்போகும். பழையதோ புதியதோ, ஒரே அக்சிலின் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

பிளேட் சேர்த்தல்

நேரமும் கவனமும் கேட்கும் வேலை இது. புது வில்லுக் கட்டு முழுதாக வாங்கமுடியாதவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு பிளேட் சேர்ப்பதுதான் சிக்கனமான வழி.

எந்தப் பிளேட் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு பிளேட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடு (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) ஏறும். 6 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் 7 மி.மீ. என்றால் அந்தப் பிளேட் 1.6 மடங்கு விறைப்பு. 8 மி.மீ. என்றால் 2.4 மடங்கு. "ஒரு நூல்தானே கூட" என்று லொறிப் பிளேட்டை வெட்டிப் போட்டால் வாகனம் மாட்டுவண்டியாகிவிடும். உங்கள் வில்லுக் கட்டில் உள்ள பிளேட்டின் அதே அகலம், அதே தடிப்பு. நீளம் மூலப் பிளேட்டின் (கண் உள்ள மேல் பிளேட்டின்) மூன்றில் இரண்டு அளவு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாகனத்திலிருந்து கழற்றிய சோடி.

வளைவும் முக்கியம். புதுப் பிளேட்டை அது போய்ச் சேரவேண்டிய இடத்தில், மேல் பிளேட்டின் அடியில் வைத்துப் பாருங்கள். நுனிகள் தொட்டு, நடுவில் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி நிற்கவேண்டும். இடைவெளி இல்லையென்றால் அது சுமை எடுக்காது. 40, 50 என்று நின்றால் முழுச் சுமையையும் அது தனியே எடுத்து, நடுத்துளையில் உடையும்.

பழைய பிளேட்டில் வெடிப்புப் பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, நடுத்துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு வெண்கட்டியை உரசி வெள்ளையாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு எழும். அந்தப் பிளேட் வேண்டாம். பிளேட்டில் வெல்டிங் பிடிப்பதும் புதுத் துளை போடுவதும் கூடவே கூடாது.

வேலைக்கு முதல்நாள் பின்னேரமும் இரவும் யூ போல்ட், ஷொக் போல்ட் எல்லாவற்றுக்கும் துருநீக்கி எண்ணெய் அடித்துவிடுங்கள். மறுநாள் முன்சில்லு இரண்டுக்கும் இருபக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, முன் ஹேங்கருக்குச் சற்று முன்னால் செசியின் கீழ் இரண்டு ஸ்டாண்ட் கொடுங்கள். கல்லோ மரக்குற்றியோ ஸ்டாண்ட் ஆகாது. ஜக்கை டிஃபரன்சலின் கீழே வைத்து அக்சிலைத் தாங்கவிடுங்கள். சில்லைக் கழற்றுங்கள், ஷொக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றுங்கள். அக்சில் இறங்கும்போது பிறேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மற்றப் பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அக்சில் உருண்டுவிடும்.

யூ போல்ட்டைக் கழற்றியதும் பிளேட்டுகளைக் கோத்துப் பிடிக்கும் நடுப் போல்ட்டின் இருபுறமும் பிளேட்டுக் கட்டு முழுவதையும் ஜி கிளாம்பால் இறுக்குங்கள். கிளாம்ப் இல்லாமல் நடுப் போல்ட்டை விட்டால் கட்டு வெடித்து விரியும், விரல் போகும். பழைய நடுப் போல்ட்டை எடுத்து, அதே தடிப்பில் நீளமான நூல்கம்பி (முழுக்க மரை வெட்டிய கம்பி) ஒன்றைப் போட்டு, கிளாம்பைத் தளர்த்தி விரியவிடுங்கள். பிளேட்டுகளின் முகத்தைச் சுத்தமாக்கிப் புதியதை நீள ஒழுங்கில் நுழையுங்கள். கிறீஸ் அப்பலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். செம்மண் தூசி கிறீஸில் ஒட்டினால் அது அரைக்கிற கல்தான். உலர்ந்த கிரபைட் தூள் கிடைத்தால் பூசுங்கள், கிடைக்காவிட்டால் சும்மா விடுங்கள்.

திரும்ப இறுக்கிப் புது நடுப் போல்ட்டைப் போடும்போது அதன் தலை அக்சில் இருக்கையின் குழிக்குள் சரியாக அமரவேண்டும். அமராமல் யூ போல்ட்டை இறுக்கினால் தலை நசுங்கி, அக்சில் முன்னுக்கோ பின்னுக்கோ வழுவி, வாகனம் நண்டு மாதிரிச் சரிந்து ஓடும். பிளேட்டுக் கட்டைச் சுற்றியுள்ள கிளிப்புகளை நிமிர்த்திப் புதுப் பிளேட்டையும் சேர்த்து மடக்குங்கள்.

யூ போல்ட் புதிதாகவே போடவேண்டும். "அண்ணை, பழசு நல்லாத்தானே கிடக்கு" என்று கராஜில் சொல்வார்கள். ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டின் நூல் (மரை) நீண்டிருக்கும், இரண்டாம் முறை இறுக்கம் நிற்காது. தவிர, பிளேட் கூடியதால் பழையதன் நீளமும் போதாது. குறுக்குக் குறுக்காக, மூன்று தவணையாக இறுக்குங்கள். பல ஜப்பான் டபுள் கப்களுக்கு 100 முதல் 125 நியூட்டன் மீற்றர் வரும், உங்கள் வாகனத்தின் கைந்நூலில் உள்ளதே முடிவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனர் இல்லாவிட்டால் கணக்கு இப்படி: நட்டின் நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்து 30 கிலோ பாரம் கொடுத்தால் ஏறத்தாழ 118. சந்தைத் தொங்குதராசைப் பிடியில் மாட்டி இழுத்தால் அந்த 30ஐக் கண்ணால் பார்க்கலாம்.

கண் போல்ட்டையும், வில்லின் பின்கண்ணைச் செசியோடு அசையவிட்டு இணைக்கும் ஷக்கிளின் போல்ட்டையும் கழற்றியிருந்தால் கையிறுக்கத்தோடு மட்டும் விட்டு, சில்லுப் பூட்டி, வாகனத்தைத் தரையில் இறக்கிய பிறகுதான் முழுதாக இறுக்கவேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே பூட்டப்பட்டு, இரண்டு மாதத்தில் கிழியும். புதுப் புஷ் நிற்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இதனால்தான்.

இறக்கிய பின் ஷக்கிளைப் பாருங்கள். கீழ்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். நேர்குத்தாகவோ முன்னோக்கியோ நின்றால் வளைவு கூடிவிட்டது. வில்லு நீள வழியில்லாமல் வாகனம் கட்டையாக அடிக்கும்.

கொல்லன் பட்டறையில் பழைய வில்லை அடித்து வளைவு ஏற்றுவது பற்றியும் கேட்பார்கள். குளிர்நிலையில் பிரஸ்ஸில் வளைத்தால் கொஞ்சக் காலம் நிற்கும். சிவக்கக் காய்ச்சி அடித்து அப்படியே ஆறவிட்டால் உருக்கு மென்மையாகி ஒரு போகத்துக்குள் இறங்கும். காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் கண்ணாடி மாதிரி உடையும். எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு அளவான சூட்டில் பதம் போடத் தெரிந்த பட்டறை என்றால் மட்டும் கொடுங்கள்.

முன்பக்கம்

டோர்ஷன் பார் உள்ள வாகனத்தில் சரிசெய்யும் போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் உயரும், செலவே இல்லை. அந்த இலவசத்தில்தான் வினை. போல்ட்டைத் திருகுவதால் பார் விறைப்பாவதில்லை, உயரம் மட்டும் மாறுகிறது. அளவுக்கு மிஞ்சினால் மேல் ஆர்ம் தன் தடையில் போய் முட்டி, சில்லு கீழே இறங்க இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் "டங்" என்னும். டிரைவ் ஷாஃப்ட் மூட்டு சாய்ந்து அதன் இறப்பர் உறை கிழியும், அதற்குள் செம்மண் போகும். கம்பனி உயரத்துக்கு மேலே 25 மி.மீ. போதும். போல்ட்டில் பெயின்ட் அடையாளம் போட்டு, இருபக்கமும் எண்ணிச் சமமாகத் திருகுங்கள். ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது மீற்றர் ஓட்டிவிட்டு அளவுங்கள். நின்ற நிலையில் எடுக்கும் அளவு பொய் சொல்லும். பாரைக் கழற்றினால் இடம் வலம் மாற்றிப் போடக்கூடாது. ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு முறுக்கேற்றிச் செய்யப்பட்டது.

நீள ஷக்கிள் போட்டு உயர்த்துபவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள்: 50 மி.மீ. நீளம் கூட்டினால் வாகனம் 25 மி.மீ.தான் உயரும், மிச்சம் ஆட்டமாக வரும். முன்பக்கத் தட்டு வில்லுக்கு இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது, பின்னுக்குக் கட்டைமேல் கட்டை அடுக்குவது இரண்டுமே வேண்டாம். பிறேக் அடிக்கும்போது அக்சில் முறுகிக் கட்டை கழன்ற வாகனத்தை நிறுத்த ஒரு வழியும் இல்லை.

பூட்டிய பின்

பல டபுள் கப்களில் பின் அக்சிலுக்கும் செசிக்கும் இடையில் ஒரு மெல்லிய கம்பி போகும். அது சுமையை உணர்ந்து பின் பிறேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி. பின்பக்கம் உயர்ந்தால் அந்த வால்வு, வாகனம் எப்போதும் வெறுமை என்று நினைக்கும். முழுச் சுமையோடு போகும்போது பின் பிறேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். கம்பியின் தாங்கியை உயர்த்திய அளவுக்கு ஏற்பச் சரிசெய்ய மெக்கானிக்கிடம் நீங்களே கேளுங்கள், கேட்காமல் செய்பவர் குறைவு.

அலைன்மென்ட் கட்டாயம். அதைத் தவிர்த்தால் புது ரயர் ஒரு மழைக்காலத்துக்குள் ஒரு விளிம்பில் வழுக்கையாகும். முன்விளக்கைத் தாழ்த்துங்கள், எதிரே வரும் மோட்டார்சைக்கிள்காரர் கண்ணை மூடவேண்டிவரும். கம்பனி உயரத்துக்கு மேலே போகவோ ரயர் அளவை மாற்றவோ எண்ணினால், மாவட்டச் செயலகத்திலுள்ள மோட்டார்ப் போக்குவரத்துப் பிரிவிலும் காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆவணி, புரட்டாசிக்குள் வேலையை முடித்தால் ஐப்பசி மழைக்குமுன் ஓட்டிப்பார்க்க நாள் இருக்கும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி மழையில் ரயரோடு கட்டியாக ஏறி மட்காட்டை உரசும். அங்கே ஓடுபவர்கள் சுமையோடு, ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி, சில்லு எங்கும் முட்டுகிறதா என்று காய்ந்த நாளிலேயே பார்க்கவேண்டும். ஓட்டிப்பார்ப்பது பழகிய பாதையில் மட்டும். மிதிவெடி அடையாளப் பலகை உள்ள காட்டோரத்தில் திருப்புவதற்குக்கூட இறக்கவேண்டாம்.

முதல் 100 கிலோமீற்றரிலும் பிறகு 500இலும் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள். புதுப் பிளேட் அமரும்போது இறுக்கம் விடும், இது தவறல்ல. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று: பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் நேரே பின் வில்லிலும் ஷொக்கின் அடியிலும்தான் விழுகிறது. பெட்டிக்குக் கீழே ஒரு குழாய் வைத்து அதைப் பின் பம்பருக்கு அப்பால் இறக்கிவிடுங்கள், ஒவ்வொரு நடைக்கும் பிறகு வாளித் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.